எண்ணிட்ட புறா

ஓவியத்தைப் பற்றி எழுத நமக்கு என்ன தகுதி என்று கேட்போர் கேட்கட்டும். நாம் தூரிகை பிடித்தறியோம். கலைக்கல்லூரி வாயிலை மிதித்தறியோம். நடுவணரசு அலுவலகம் ஒன்றில் கோப்புகளுக்குக் குறிப்பெழுதிப் பிழைப்பவர் நாம். ஆயினும், அசல் எது, நகல் எது, எத்தனையாவது படி, யாருடைய கையொப்பம், முத்திரை உண்டா இல்லையா என்னும் கேள்விகள் எழுமிடத்தில் வாய்திறக்கும் உரிமை வேறு எவர்க்கு இல்லாவிடினும் எழுத்தர்க்கு உண்டு. அந்த உரிமை ஒன்றைப் பற்றிக்கொண்டே இக்கட்டுரையைத் தொடங்குகின்றோம்.

சென்ற ஆண்டு இலக்கியக் கூட்டம் ஒன்று முடிந்து, தேநீர்க் கோப்பையுடன் நின்று கொண்டிருந்தபோது பேச்சு எப்படியோ பிக்காசோவின் புறாவைச் சென்றடைந்தது. ஐரோப்பாவைச் சுற்றிவந்த அன்பர் ஒருவர் இரு தீர்ப்புகளை வழங்கினார். ஒன்று: அந்தப் புறா கல்லச்சுப் படம், ஐம்பதே படிகள் எடுத்து, எண்ணிட்டு, ஓவியர் கையொப்பமிட்டார், அந்த ஐம்பதுதான் கலை, பிற்பாடு சுவரில் ஒட்டியவையும் அஞ்சலட்டையில் அச்சிட்டவையும் வெறும் காகிதம். மற்றொன்று: வந்தவரையெல்லாம் வாரி அணைத்த பிரான்சு நாட்டின் பெருந்தன்மையே பிக்காசோவை ஆக்கிற்று. சுற்றி நின்றோர் தலையசைத்தனர். நாமும் அசைத்தோம், பெரியவர் பேசும்போது குறுக்கிடும் பழக்கம் நமக்கில்லை. வீட்டுக்குத் திரும்பும் பேருந்திலேயே அந்தத் தலையசைப்புக்காக வெட்கப்பட்டோம். அவ்விரு தீர்ப்புகளும் பிழை என்பதே நம் வழக்கு. அன்பர் பொறுத்தருள்க.

முதல் தீர்ப்பை எடுத்துக்கொள்வோம். கல்லச்சு எதற்காகத் தோன்றிற்று என்பதை அறியாதவர்தாம் அதன் பெருமையை எண்ணிக்கையில் தேடுவர். பிராகு நகரில் 1771இல் பிறந்து மியூனிக்கில் வாழ்ந்த அலாய் செனஃபெல்டர் நாடகம் எழுதியவர். தம் நாடகங்களை அச்சேற்றப் பணமில்லை. செப்புத் தகட்டில் செதுக்குவது செலவு மிகுந்த வேலை. ஆகவே மலிவான வழியைத் தேடினார். பவேரியாவில் கிடைக்கும் வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் பிசுக்குள்ள மையால் எழுதி, அமிலமும் கோந்தும் இட்டுப் பதப்படுத்தி, நீரால் நனைத்து, பின்னர் அச்சுமை உருளையை ஓட்டினால், எழுதிய இடம் மட்டும் மையைப் பற்றும். நனைந்த இடம் மையைத் தள்ளும். எண்ணெயும் நீரும் ஒட்டா என்று நம் அடுக்களையிலேயே அறிந்த செய்தி. அதிலிருந்து 1790களின் இறுதியில் ஓர் அச்சுக்கலையே பிறந்தது. வண்ணாருக்குப் போட்ட துணிக் கணக்கைக் காகிதம் கிடைக்காமையால் அவர் ஒரு கல்லின்மேல் எழுதியதுதான் தொடக்கம் என்றும் சொல்வதுண்டு. வண்ணார் கணக்கில் பிறந்த கலைக்கு அரச குல வரலாறு எழுதப் புகுவோரைப் பார்த்து நகைக்காமல் என் செய்வது?

ஆக, பலருக்குச் சென்று சேர்வதற்காகவே தோன்றியது இக்கலை. நம் நாட்டிலும் அவ்வாறே பயன்பட்டது. உருதுவின் சாய்ந்தோடும் எழுத்தை ஈய அச்சுக்குள் அடக்குதல் அரிது. ஆதலால் எழுத்துக்கலைஞர் கையால் எழுதியதையே கல்லில் ஏற்றி நூல் நூலாக அச்சிட்டனர். 1858இல் தொடங்கிய இலக்னோவின் நவல் கிஷோர் அச்சகம் அவ்வழியில் எண்ணற்ற நூல்களை வெளியிட்டது. தில்லி சும்மா மசூதியை அடுத்த உருதுக் கடைவீதியின் பழைய நூல்களைப் புரட்டினால் இன்றும் அக்கையெழுத்தைக் காணலாம். இரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் நிறுவியதும் இதன்பொருட்டே. அரண்மனைச் சுவரில் தொங்கிய இலக்குமியும் கலைமகளும் கல்லில் ஏறி, பல வண்ணத் தாள்களாகி, குடிசையின் விளக்கு மாடத்துக்கு வந்தனர். நம் பாட்டி அப்படத்துக்குப் பொட்டிட்டு வழிபட்டபோது அது எத்தனையாவது படி என்று கேட்டாரா? கேட்டிருந்தால் அன்பர் மகிழ்ந்திருப்பார்.

பிரான்சிலேயே சான்று உண்டு. 1834 ஏப்பிரலில் பாரிசின் ஒரு தெருவில் படையினர் வீடு புகுந்து, உறங்கிக் கிடந்தோரைக் கொன்றனர். அதனைத் தோமியே கல்லில் வரைந்தார்: கலைந்த படுக்கை, கீழே விழுந்து கிடக்கும் ஆண், அவன் உடலின் அடியில் சிறு குழந்தை. அரசு என்ன செய்தது? அகப்பட்ட படிகளைக் கைப்பற்றியதோடு அமையாது கல்லையும் கைப்பற்றியது. எண்ணிட்ட ஐம்பது படிகளாயின் ஐம்பது செல்வர் வீட்டு நிலையடுக்குகளில் அடங்கிவிடும். எந்த அரசும் அஞ்சாது. கல் இருக்கும்வரை படி பெருகும் என்பதாலன்றோ கல்லுக்கே அஞ்சினர்!

படிகளை எண்ணி, மூலைக்கு மூலை பென்சிலால் கையொப்பமிடும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வேரூன்றியது. ஒளிப்படம் வந்துவிட்டது, பொறியச்சு வந்துவிட்டது, எதுவும் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும் காலம் வந்துவிட்டது. அப்போதுதான் வணிகருக்கு அருமை தேவைப்பட்டது. தகட்டை ஊசியால் கீறி எடுக்கும் சில படங்களில் எண்ணிக்கைக்கு நேர்மையான காரணம் உண்டு: சில பத்துப் படிகளுக்குள் கீறலின் பிசிர் தேய்ந்து, பின் வருவன மங்கும். கல்லச்சிலோ அத்தேய்வு எளிதில் நேராது. ஐம்பதோடு நிறுத்துவது அங்கே கல்லின் ஆணையன்று, கடையின் ஆணை. செயற்கையாக உண்டாக்கிய பஞ்சம் என்றே இதனைச் சொல்லுவோம். அரிசியைப் பதுக்குவோரை ஏசும் நாம், படியைப் பதுக்குவோரைச் சுவைஞர் என்கிறோம்.

எண்ணிடுதலில் ஒரு நியாயமும் இல்லையோ எனின், உண்டு, மறைக்க வேண்டியதில்லை. வாங்குபவன் ஏமாறாதிருக்க அது ஒரு காப்பு. ஐம்பது என்று சொல்லி ஐந்நூறு விற்பவன் கள்வன். ஆனால் அக்காப்பு எத்துணை வலிமையுடையது என்பதற்கும் கதை உண்டு. 1974இல் அந்தோரா என்னும் சிறு நாட்டை நோக்கிச் சென்ற வண்டி ஒன்றைப் பிரெஞ்சு சுங்கத்தார் நிறுத்திச் சோதித்தபோது, சால்வதோர் டாலியின் கையொப்பம் இட்ட 40,000 தாள்கள் இருந்தன. கையொப்பம் இருந்தது, படம் இல்லை. முழுதும் வெற்றுத்தாள்! கையொப்பமே கலை என்று நம்பும் அன்பர் அவ்வெற்றுத்தாளில் ஒன்றைச் சட்டமிட்டு மாட்டிக்கொள்வாரா? அலுவலகத்தில் இவ்வாறு வெற்றுத்தாளில் ஒப்பமிட்டால் விசாரணை வரும். கலை உலகிலோ விலை வரும்.

இனிப் புறாவுக்கு வருவோம்.

இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945 நவம்பரில் பிக்காசோ பாரிசின் சாப்ரோல் தெருவிலிருந்த பெர்னான் மூர்லோவின் அச்சகத்துக்குச் சென்றார். சுவரொட்டிகளும் அச்சிட்ட தொழிற்கூடம் அது. உலகம் அறிந்த ஓவியர் அங்கே கல்லோடு போராடலானார். 1945 திசம்பரிலிருந்து 1946 சனவரி வரை ஒரே காளையைப் பதினொரு நிலைகளில் வரைந்தார். கொழுத்த காளை மெலிந்து மெலிந்து, இறுதியில் சில கோடுகளாயிற்று. தொடங்க வேண்டிய இடத்தில் வந்து முடித்தார் என்று அங்கிருந்த தொழிலாளி ஒருவர் வியந்ததாகச் சொல்வர். பிக்காசோவின் படங்களைச் சற்றும் விரும்பாத முதிய அச்சாளர் ஒருவரும் அக்கூடத்தில் இருந்தார். பிடிக்காத படத்தையும் அவர் அச்சிட்ட திறம் வேறெவர்க்கும் வாய்க்காதாம். இது நமக்கு மிகவும் பிடித்த செய்தி. மேலதிகாரியின் கொள்கையை வெறுத்துக்கொண்டே அவர் கடிதத்தைப் பிழையின்றித் தட்டச்சு செய்யும் தோழர்கள் நமக்கும் உண்டு.

1949 சனவரி 9 அன்று வரைந்தது அந்தப் புறா. கல்லச்சு என்கிறோமே, உண்மையில் கல்லன்று, துத்தநாகத் தகடு. 'கல்' என்ற பெயருக்கே உரிமையில்லாத படத்தைக் காட்டித் தூய்மை பேசுகின்றனர். தகட்டின்மேல் நீர்த்த மையைத் தூரிகையால் இட்டு, சுற்றிலும் கரிய நிலத்தை அமைத்துவிட்டார். நடுவே வெண்புறா. அதன் வெண்மை தீட்டிய வெண்மையன்று; தாளின் வெண்மை. சிறகடுக்குகளில் மட்டும் சாம்பல் நிறம் நிழல்போல் படிந்திருக்கும். கால்களிலும் இறகு முளைத்த மிலான் நகர்ச் சாதிப் புறா அது, மாத்தீஸ் கொடுத்தது. பறக்கவில்லை. அலகில் ஒலிவக் கிளையும் இல்லை. தரையில் நிற்கின்றது. ஏந்தல் இல்லாமல், இரக்கம் வேண்டாமல், ஒரு பறவை நிற்கின்றது, அவ்வளவே. ஐம்பது படிகளும், ஓவியருக்கென ஐந்தும் எடுத்தனர். அமைதி பற்றிய எண்ணம் எதுவும் அன்று அப்படத்தில் இல்லை. புறா சண்டைக்கார, பேராசைப் பறவை என்று பிக்காசோவே நகையாடியதாகவும் கூறுவர்.

அவ்வாண்டு ஏப்பிரலில் பாரிசில் உலக அமைதி மாநாடு கூட இருந்தது. சுவரொட்டிக்குப் படம் தேடி வந்த கவிஞர் லூயி அரகோன் பிக்காசோவின் அச்சுப்படங்களிடையே இதனைக் கண்டெடுத்தார். சில வாரங்களில் பாரிசின் சுவரெங்கும் புறா. மாநாடு 20ஆம் நாள் தொடங்கியது; அதற்கு முதல்நாள் பிறந்த மகளுக்குப் புறா என்று பொருள்படும் பலோமா என்னும் பெயரைச் சூட்டினார் தந்தை. எதிரிகளும் வாளாவிருக்கவில்லை. 1950இல் பொதுவுடைமை எதிர்ப்பு இயக்கம் ஒன்று, அப்புறாவையே பீரங்கி வண்டியாக மாற்றி, வெடிக்கும் புறா என்று சுவரொட்டி ஒட்டியது. போற்றியவர் கண்டதும் தூற்றியவர் கண்டதும் எந்தப் புறாவை? எண்ணிட்ட ஐம்பதில் ஒன்றையா? மழையில் நனைந்து, பசை காய்ந்து, சுவரில் உரிந்து தொங்கிய புறாவையன்றோ! ஐம்பதோடு நின்றிருந்தால், அது நல்லதொரு பறவைப்படம். ஏலக்கடைப் பட்டியலில் ஒரு வரி. அந்த ஐம்பதுக்கே இன்று பல இலட்சம் ரூபாய் விலை கிடைப்பது, அன்பர் காகிதம் என்று இகழ்ந்த சுவரொட்டி ஈட்டித் தந்த புகழால். பிள்ளை சம்பாதித்த பணத்தில் உண்டுகொண்டு பிள்ளையை ஏசுவது என்ன வழக்கோ!

அந்த மாநாடு சோவியத்துச் சார்புடையது. அதே 1949 ஆகத்தில் சோவியத்து நாடும் அணுகுண்டு வெடித்துப் பார்த்தது. புறா யார் கையில் இருந்தது என்ற கேள்வி நேர்மையான கேள்வி. அதற்கு விடை கூறுவது இக்கட்டுரையின் வேலையன்று. சுவரொட்டியின் அரசியலை எவரும் மறுக்கலாம். மறுத்தற்கேனும் அது அவர் கண்ணில் பட வேண்டும் அல்லவா? அதுவே நாம் கூறுவது.

கையொப்பத்தைப் பற்றி இன்னும் ஒரு சொல். ஐம்பது தாளிலும் ஓவியர் பெயர் உண்டு. உருளை உருட்டியவர், தாளை ஒத்தி எடுத்தவர், கறை படிந்ததைத் தள்ளி நல்லதைத் தெரிந்தவர் பெயர் எதிலும் இல்லை. ஓவியர் கை பட்டதால் அசல் என்பரேல், தாளில் பட்டவை பெரும்பாலும் அத்தொழிலாளர் கைகளே. நம் மரபில் புறா என்றதும் துலாக்கோல்தான் நினைவுக்கு வரும். அங்கே ஒரு புறாவின் எடைக்கு அரசன் தன் உடலையே ஈடாக வைத்தான். இங்கே புறாவை நிறுக்கப் பென்சில் எழுத்து ஒன்றே படிக்கல்.

இரண்டாம் தீர்ப்புதான் நமக்குப் பெரிது. பிரான்சு வாரி அணைத்ததாம்!

மலாகாவில் 1881இல் பிறந்த அந்த இளைஞன் பாரிசுக்கு முதன்முதல் வந்தது 1900இல். 1901இலேயே அவன்மேல் காவல்துறைக் கோப்பு திறந்தாயிற்று. முதற் கண்காட்சியை ஒட்டி எழுதிய குறிப்பு அது. அவன் செய்த குற்றம் என்ன? அரசின்மைக் கொள்கையர் என ஐயுற்ற கட்டலான் ஒருவரோடு ஒரே வீட்டில் தங்கியது. பிரெஞ்சு சரியாகப் பேச வராதது. வேளைகெட்ட வேளையில் வீடு திரும்பியது. தில்லியில் வாடகைக்கு அறை தேடிய எந்தத் தமிழ் இளைஞனுக்கும் இக்குற்றப்பட்டியல் புதிதன்று. அந்தக் கோப்பு மூடப்படவேயில்லை. அயலான் அடையாள அட்டை, ஒளிப்படம், கைரேகை, புதுப்பித்தல் என்று தாள் தாளாகத் தடித்துக்கொண்டே போயிற்று. க்யூபிசம் பிறந்தது, கோப்பும் வளர்ந்தது. 1937இல் குவெர்னிக்கா உலகை உலுக்கியது, கோப்பும் வளர்ந்தது.

1940 ஏப்பிரல் 3 அன்று பிக்காசோ பிரெஞ்சுக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார். வயது 58. நாற்பதாண்டு உறவு அந்நகரோடு. தாய்நாட்டில் பிராங்கோவின் ஆட்சி. எல்லையில் இட்லரின் படை. விளையாட்டுக்கு எழுதிய விண்ணப்பமன்று அது. திருப்பி அனுப்பிவிடுவரோ என்னும் அச்சம் எழுதிய விண்ணப்பம். அவர் குடியிருந்த பகுதியின் காவல் அதிகாரி, ஆட்சேபமில்லை என்றே எழுதினார். கோப்பு மேலே சென்றது. மே 25ஆம் நாள் உளவுப் பிரிவிலிருந்து வேறொரு குறிப்பு வந்தது. 1914ஆம் ஆண்டுப் போரில் இவர் பிரான்சுக்காகப் போரிடவில்லை. பொதுவுடைமைச் சார்பு உண்டு. தம் படைப்புகளைப் பிரான்சுக்கன்றி உருசிய அரசுக்கே விட்டுச் செல்லப்போவதாகச் சொன்னாராம். ஆகவே தகுதியில்லை, மேலும் ஐயத்துக்குரியவர். இதுதான் அக்குறிப்பின் சாரம். இசுப்பானியர், அதுவும் நடுநிலை வகித்த நாட்டின் குடிமகன், எந்தப் படையில் சேர்ந்திருக்க வேண்டும் என்று அக்குறிப்பு கூறவில்லை. 'சொன்னாராம்' என்பதற்கு ஆதாரமும் காட்டவில்லை. மூன்று வாரம் கழியுமுன், சூன் 14 அன்று, செருமானியர் பாரிசுக்குள் நுழைந்தனர். எவர் நாட்டுக்கு ஆபத்தானவர் என்று அவ்வலுவலகம் நுணுகி ஆராய்ந்துகொண்டிருந்ததோ, அவர் தம் பட்டறையில் அமர்ந்து படம் வரைந்துகொண்டிருந்தார்.

அவர் அதன்பின் பிரெஞ்சுக் குடிமகன் ஆகவேயில்லை. 1973 ஏப்பிரல் 8 அன்று மூழான் ஊரில் இறந்தபோதும் இசுப்பானியராகவே இறந்தார். கோப்பின் கதையோ வேறு. செருமானியர் அதனை அள்ளிச் சென்றனர். பின்னர் அது மாசுக்கோவுக்குப் போயிற்று. பல்லாண்டு கழித்தே பாரிசு திரும்பியது. 2003இல் அத்தாள்கள் நூலாக வந்தன. மனிதனுக்கு எல்லை கடக்க முத்திரை வேண்டும். அவனைப் பற்றிய கோப்புக்கு வேண்டியதில்லை போலும்.

இதனையும் கேளுங்கள். பிரான்சில் 1968ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு சட்டம் வந்தது: இறந்தோர் சொத்துக்குரிய வரியைப் பணத்துக்கு மாற்றாகக் கலைப்படைப்புகளாகச் செலுத்தலாம். பிக்காசோவின் சொத்துரிமையர் அவ்வாறே செலுத்தினர். இருநூறுக்கு மேற்பட்ட ஓவியங்களும், சிலைகளும், எண்ணற்ற வரைபடங்களும் அரசுக்குச் சேர்ந்தன. அவற்றைக் கொண்டு 1985இல் பாரிசில் பிக்காசோ அருங்காட்சியகம் திறந்தனர். உருசியாவுக்குப் போகும் என்று உளவுக்குறிப்பு அஞ்சிய படைப்புகள் பிரான்சுக்கே வந்தன. அதுவும் வரியாக வந்தன. குடியுரிமை இல்லை என்ற அரசே வரி உண்டு என்றது. வரவு வைப்பதில் அயலான், உள்நாட்டான் என்ற வேற்றுமை எந்த நாட்டுக் கருவூலத்துக்கும் இல்லை. வாரி அணைத்தது என்று அன்பர் கூறியது இதனைத்தானோ?

2021இல் ஆனி கோயன் சோலால் என்னும் அம்மையார், பிக்காசோ என்னும் அயலானைப் பற்றி விரிவான நூலொன்று எழுதினார். அதனையொட்டிக் கண்காட்சியும் நடந்தது. எங்கே? பாரிசின் குடியேற்ற வரலாற்று அருங்காட்சியகத்தில். அக்கட்டடம் 1931இல் குடியேற்ற நாடுகளின் பெருமையைக் காட்ட எழுப்பியது. தம் தவற்றை எண்பதாண்டு கழித்தேனும் பொதுமண்டபத்தில் வைத்துக் காட்டியதற்கு அந்நாட்டாரைப் பாராட்டத்தான் வேண்டும். நாம் பாராட்டுகின்றோம், ஆனால் பாராட்டுக்குரியது பின்னாளைய நேர்மை, முன்னாளைய அணைப்பன்று.

மற்றொன்றையும் நினைவூட்டுவோம். புறாச் சுவரொட்டி ஒட்டிய அந்த 1949 மாநாடே இரண்டாகப் பிளந்து நடந்தது. அயல்நாட்டுப் பேராளர் பலர்க்குப் பிரெஞ்சு அரசு நுழைவிசைவு மறுத்தது. அவர்கள் பிராகு நகரில் கூடினர். அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் செஃபீல்டு மாநாட்டுக்கு வந்த பலரையும் அந்நாட்டு அரசு உள்ளே விடவில்லை. மாநாடு வார்சாவுக்கு மாறியது. பிக்காசோவை விட்டனர். செஃபீல்டில் அவர் நீண்ட அரசியல் பேச்சுப் பேசவில்லை. தம் தந்தை புறாக்களை வரையக் கற்பித்ததைச் சொல்லி அமர்ந்தார். மலாகாவில் ஓவிய ஆசிரியராயிருந்த அத்தந்தை புறாக்களை விரும்பி வரைந்தவர். ஆக, பாரிசு முழுதும் ஒட்டிய அந்தப் புறாவின் பிறப்பிடம் பாரிசன்று. வந்தவன் மூட்டையில் கொண்டுவந்த பறவை அது.

பூங்குன்றனார் பெயரை மேடைதோறும் முழங்கி, வாயிற்கதவில் 'வெளியூரார்க்கு வீடில்லை' என்று எழுதுவோர் நம்மிடையேயும் உண்டு. அது நிற்க.

நாம் இவ்வளவு சினந்து எழுதுவதற்குக் காரணம் பிக்காசோ மட்டுமல்லர். அவர் பெருஞ்செல்வர், குடியுரிமை இன்றியும் கோட்டைபோல் வாழ்ந்தார். அந்த மே மாதக் குறிப்பைப் படித்தபோது நமக்கு நினைவு வந்தவர் வேறொருவர். பணியில் சேர்ந்த சில ஆண்டுகளில் நம் மேசைக்கு ஒரு கோப்பு வந்தது. பர்மாவில் பிறந்து, சிறுவனாகக் கப்பலேறித் தாயகம் திரும்பி, இந்நகரில் கடைநிலை ஊழியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற தமிழர் ஒருவரின் கோப்பு. பிறந்த நாள் இரண்டு தாள்களில் இருவேறாக இருந்தது. பிறப்புச் சான்று இரங்கூனில் தொலைந்தது. விதி நூலைப் புரட்டினோம். 'அளித்த ஆவணங்கள் ஒத்துவரவில்லை. கோரிக்கையை ஏற்க இயலாது' என்று எழுதினோம். பிழையற்ற குறிப்பு. மேலே மூவர் ஒப்பமிட்டனர். முதியவர் நேரில் வந்தார். நாம் தமிழர் என்று அறிந்ததும் முகம் மலர்ந்தது. விதியை விளக்கினோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ நான் பொறந்ததே பொய்யா தம்பி?" என்றார். கோபத்தோடு கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டார். நம்மிடம் விடையில்லை. மீண்டும் இருமுறை வந்தார். பிறகு வரவில்லை.

எண்ணும் முத்திரையும் இன்றி உலகம் நடவாது என்பதை நம்மைவிட நன்கு அறிந்தவர் யார்? தாளை வைத்துத்தான் நாம் உண்கிறோம். ஆனால் தாளில் எண் இருந்தால் கலை, இல்லையேல் குப்பை என்று ஒருவர் தேநீர்க் கோப்பையுடன் சொல்லும்போது, அந்தக் குரலை நாம் முன்பே கேட்டிருக்கிறோம். நம் கையெழுத்திலேயே கண்டிருக்கிறோம். கையொப்பமுள்ள ஐம்பதைப் போற்றுக; வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அருமையான தாள், ஆழ்ந்த கருமை, சாம்பல் நிறத்தின் நுட்பம் எல்லாம் அவற்றிலேதான் முழுமையாகத் தெரியும். மலிவுப் படியில் அந்நுட்பம் பாதி போய்விடும் என்பதும் உண்மை. போனபின் எஞ்சிய பாதியைக் கொண்டே அது நாடு நாடாகச் சென்றது.

நம் அலுவலக ஊழியர் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில், போராட்ட அறிவிப்புகளுக்கும் கூட்டுறவுக் கடன் பட்டியலுக்கும் இடையில், மஞ்சளேறிய புறாப்படம் ஒன்று பல ஆண்டுகளாக இருந்தது. ஏதோ ஒரு பழைய நாட்காட்டியிலிருந்து கத்தரித்தது. கால்களில் இறகு உண்டு. அதனால் இதே புறாதான் என்று கண்டுகொண்டோம். ஒட்டியவர் யார் என்று எவர்க்கும் தெரியாது. பலகைக்குச் சென்ற மாதம் வண்ணம் பூசினார்கள். அன்று அதனைக் கிழியாமல் பெயர்த்தெடுத்து நம் மேசைக் கண்ணாடியின் அடியில் வைத்திருக்கிறோம். பின்புறம் திசம்பர் மாதம்.